உதிரிப்பழம்

பீடோங்கில் மழை பிடித்தால்
ஆலைப் பக்கமிருந்து வரும் எண்ணெய்ப் புளிப்பு
எங்கள் பள்ளிக் குளிர்சாதனத்துக்குள்ளும் ஏறிவிடும்.
வாசனைத் திரவியம் அடிக்கச் சொல்லி
முதல்வரிடமிருந்து புலனத்தில் செய்தி.
அடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.
எழுபத்தொரு விண்ணப்பம். ஒன்பது இடம்.

நான் முடிவெடுப்பதில்லை.
புள்ளி போடுகிறேன்.
சம்பளச் சீட்டுக்கு இத்தனை, மின்கட்டணத்துக்கு இத்தனை,
வீட்டின் முன்பக்கப் படத்துக்கு இத்தனை என்று
அட்டவணை இருக்கிறது.
வகுத்தவர்கள் கோலாலம்பூர்க்காரர்கள், நல்லவர்கள்,
ஒவ்வொரு டிசம்பரும் எங்களுக்கு
பிஸ்கட் டின் அனுப்புவார்கள்.

நாற்பத்து மூன்றாவது பாரம் தவமலருடையது.
நீல மையில், கோட்டைவிட்டு ஓர் எழுத்தும் இறங்காமல்.
மகன்தான் எழுதியிருக்க வேண்டும்:
துர்கேஸ்வரன், பன்னிரண்டு வயது,
நுழைவுத் தேர்வில் இரண்டாவது.

வாகனம் உண்டா?
உண்டு. ஓடாது.
கடந்த ஈராண்டில் வெளியூர்ப் பயணம்?
பினாங்கு பெரியாஸ்பத்திரி. ஆறு நாள். மூன்று பேர்.
குடும்ப வருமானம்?
இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்து மூன்று வெள்ளி.

அட்டவணைக்கு ‘உண்டு’ தெரியும்,
‘ஓடாது’ தெரியாது.
பயணம் என்றால் பயணம்.
வரம்பு இரண்டாயிரத்து ஐந்நூறு.

அடுத்த பாரம் ஜெயக்கொடியுடையது,
பிளாஸ்டிக் கோப்பில், வண்ண அட்டைகள் செருகி.
ஐந்து லாரியும் கம்பெனி பேரில்.
வீடு மைத்துனன் பேரில்.
தன் கம்பெனியில் தனக்கே அவர் கொடுத்துக்கொள்ளும் சம்பளம்
ஆயிரத்து எண்ணூறு.
ஒரு பொய்யில்லை, திரும்பத் திரும்பப் பார்த்தேன்,
ஒரு பொய்கூட இல்லை.
முழுப் புள்ளி போட்டேன்.

என் மகள் மேல்மாடியில் நான்காம் வகுப்பு.
ஊழியர் பிள்ளை, பாதிக் கட்டணம்.
எங்கள் வீட்டின் முன்பக்கத்தை
யாரும் படமெடுக்கச் சொல்லவில்லை.
நானாகவும் கேட்டுக்கொள்ளவில்லை.

‘வருந்துகிறோம்’ கடிதம் போன மூன்றாம் நாள்
தவமலர் வந்தாள்.
ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு
பளிங்குத் தரையில் ஈரக் காலுறையோடு நின்றாள்.
மேசைப் பலகையில் ‘நிர்வாக உதவியாளர்’ என்றிருக்கிறது.
அவள் ‘கிராணிம்மா’ என்றாள்,
குலையை எடைபோடுகிறவனைக்
கூப்பிடுகிற அதே குரலில்.

“அந்த நாப்பத்து மூணு வெள்ளி
ஞாயித்துக்கெழம நான் உதிரி பொறுக்குன காசுங்க.
பொறுக்காம வீட்ல கெடந்திருந்தா
கெடச்சிருக்குமா?”

“மேலே கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

கேட்க ஒன்றுமில்லை.
முந்தின நாளே போட்டுப் பார்த்திருந்தேன்,
நாற்பத்து மூன்றை அழித்து,
யாரும் இல்லாத அறையில், திரையில் மட்டும்:
எட்டாவது இடம்.
பிறகு, சேமிக்காமல் மூடினேன்.

அவள் வாதாடவில்லை.
பாரத்தில் குத்தியிருந்த படத்தைத் திருப்பிக் கேட்டாள்.
நாலு படம் பத்து வெள்ளியாம்,
சுங்கைப்பட்டாணியில் இன்னொரு பள்ளியில் கேட்டிருக்கிறார்களாம்.
நகத்தால் கம்பியை நெம்பினேன்.
பையனின் காலருக்குக் கீழே இரண்டு துளை.
முந்தானையில் துடைத்தாள், துளை போகுமென்பதுபோல.

மணி அடித்தது.
படியில் தடதடவென்று இறங்கி வந்த என் மகள்
அம்மா தண்ணி என்று மேசையைப் பிடித்தாள்.

“ஒங்க பொண்ணா?”
“ஆமா.”
“சட்ட நல்லாருக்குங்க. என்ன வெல?”

நூற்றிருபது, என்றேன்.

எனக்கு அறுபது.