முப்பத்திரண்டு

இரவு ரிசெப்ஷனில் நான் தனி.
பன்னிரண்டாம் அறைக்காரர் வாசலில் நின்று
திமிங்கிலம் பார்த்த கதையை
யாருக்கோ போனில் சொல்கிறார், இரண்டாம் தரம்.
கவுண்டருக்குக் கீழே மடிக்கணினி.
ஒரு காதில் மட்டும் ஹெட்செட்.

முதல் ஷெல் காட்டோரம் விழுந்தது.
ரேடார் இல்லை, போன சுற்றில் தொலைத்துவிட்டோம்.
எங்கேயிருந்து, எங்கேயிருந்து, பின்லாந்திலிருந்து ஹெய்க்கி கத்துகிறான்.
மலைக்குப் பின்னால் மின்னியதை நான் கண்டிருந்தேன்.
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினாலில் சத்தம்.
நாலே முக்கால் கிலோமீட்டர், என்றேன்.
குழிக்கு முன்னால் மண்ணில் ஒரு கீறல் இருக்கும்,
அது எந்தப் பக்கம், போய்ப் பார்.
கோடும் தூரமும் வெட்டிய இடத்தில் சிவப்புப் புள்ளி.
எங்கள் நாலு பீரங்கியும் திரும்பின.

என்ன மொட் பாவிக்கிறாய், கேட்டான்.
ஒன்றுமில்லை.

சம்பூரில், பங்கர் வாசலில்,
தம்பி கஜரூபன் எண்ணுவான், நான் திருத்துவேன்.
இருபதுக்குப் பிறகு அவசரப்படுவான்.
குடாவுக்கு அந்தப்பக்கம் வானம் ஒருதரம் வெளுக்கும்.
முப்பத்திரண்டு. பிறகுதான் குத்தின சத்தம்.
சில நாள் ஷெல் அதற்கு முதலே வந்துவிடும்,
எண்ணிக்கை பாதியில் நிற்கும்.
இப்போது அவன் கட்டாரில்.
பட்டாசுக்குக்கூட எண்ணுவதில்லை என்கிறான்.
நான் நம்பவில்லை.

போன மாசியில் காணி துப்புரவாக்கப் போனேன்.
குழி இருந்தது. எருமைகள் புரண்டு புரண்டு
வட்டமாக்கியிருந்தன. தவளை முட்டை மிதந்தது.
போனில் திசைகாட்டியைத் திறந்தேன், சும்மாதான்.
வட்டக் குழிக்குத் திசை இல்லை.
தூரம் மட்டும் தெரிந்தால்
வரைபடத்தில் கிடைப்பது ஒரு வளையம்.
அது கடலில் ஓடிக் கரையேறி
டொக்யார்ட் வீதி, மீன் சந்தை, பஸ் நிலையம்,
நான் சம்பளம் வாங்கும் இந்தக் கவுண்டர்,
எல்லாவற்றின் மேலாலும் போகிறது.

திரையில் புள்ளி அணைந்தது. ஹெய்க்கி துள்ளுகிறான்.
அந்தக் கட்டத்தில், வரைபடம் செய்த யாரோ
ஓட்டு வீடு ஒன்றும் துணி காயும் கொடி ஒன்றும் வைத்திருக்கிறார்.
வீடு போய்விட்டது.
கொடியை எரிக்கக் கணினிக்குத் தெரியவில்லை,
சட்டை இரண்டும் அப்படியே ஆடுகின்றன.

பன்னிரண்டாம் அறைக்காரர் உள்ளே வந்தார்.
தண்ணிக்கு அப்பால் மின்னுகிறதே, மழை வருமா?
அதற்குள் ஏழு வரை போயிருந்தேன்.
வராது சேர், தூரத்தில்தான், என்றேன்.
எவ்வளவு தூரம் என்று
அவர் கேட்கவில்லை.