மூன்று வரிகளுக்கு மிகாமல்

வங்கி விண்ணப்பத்தில் ஒன்பதாவது கட்டம்:
நிறுவனத்தின் வரலாறு, மூன்று வரிகளுக்கு மிகாமல்.
கட்டம் என் சுண்டுவிரல் அகலம்.
சின்ன இடத்தில் நிறைய வெட்டுவதுதான் எங்கள் தொழில்,
ஆனாலும் இது கொஞ்சம் அநியாயம்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
பூ வெட்டிக்கொண்டிருந்தவர் கந்தப்பாச்சாரி.
வெள்ளி விலை ஏறி வேலை நின்றுபோன மாசியில்
ஏற்காட்டிலிருந்து எஸ்டேட் ரைட்டர் ஒருவன் இறங்கி வந்தான்:
காப்பி மூட்டைக்குப் பித்தளையில் ஒரு முத்திரை.
ஆங்கிலம் இவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது.
கொடுத்த தாளைக் கண்ணாடிக்குக் காட்டி
உள்ளே தெரிந்ததை அப்படியே வெட்டினார்.
கடைசி எழுத்துக்கு வரும்போது விளக்கில் எண்ணெய் தீர்ந்தது.
கண்ணாடி இருண்டுவிட, தாளைத் தடவிப் பார்த்து முடித்தார்.
முந்நூறு மூட்டை மங்களூர் போய்ச் சேர்ந்த பிறகே
துரைக்குத் தெரிந்தது,
எஸ் மட்டும் இடவலம் மாறி நிற்கிறதென்று.
அடுத்த வருஷம் வியாபாரிகள் கேட்டார்களாம்,
'அந்தக் கோணல் எஸ் மூட்டை வந்துவிட்டதா?'
கடை அதில் நின்றது.
இதை வங்கிக்கு எப்படிச் சொல்ல?

இரண்டு மகன்கள். அறுபத்துநாலில் பாகம்.
ஆளுக்கொரு டிரெடில், அதில் தகராறில்லை.
ஈய எழுத்தை எப்படிப் பிரிப்பது?
பஞ்சாயத்துக்கு வந்த மண்டிக்காரர்
தராசைக் கொண்டுவரச் சொன்னார்.
எடை சரிபாதி, குன்றிமணி பிசகவில்லை.
விடிந்து பார்த்தால்
கால்கள் எல்லாம் அப்பா தீர்த்தமலையிடம்,
கொம்புகள் எல்லாம் எதிர்க்கடை ஏகாம்பரத்திடம்.
'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி' என்பதை
இருவரில் ஒருவராலும் தனியாக அச்சடிக்க முடியாது.
தை பிறந்ததும் ஒரு பையன் தெருவைக் கடப்பான்,
வெற்றிலைத் தட்டில் எழுத்து ஏந்தி.
பேச்சு கிடையாது. ஒரு கடன் நோட்டு மட்டும்:
ஒற்றைக்கொம்பு நாற்பது, வாங்கியது.
கால் அறுபது, கொடுத்தது. திரும்பியதில் மூன்று நொண்டி.

அப்புறம் எழுத்துச் சீர்திருத்தம்.
துதிக்கை தூக்கி நின்ற லை, ளை, ணை, னை
ஒரே அரசாணையில் வேலையிழந்தன.
ஈயம் உருக்கும் அடுப்பு எங்களிடம்தான்.
பதினாலு வருஷம் கழித்துப் பெரியப்பா படியேறினார்,
தோளில் சாக்கு.
'எவ்வளவு?'
'ஏழரை கிலோ.'
'என்னுது ஒன்பது.'
ஒரே சட்டியில் கொட்டினார்கள்.
சமாதானம் என்று நடந்தது அவ்வளவே.

இன்னொன்று உண்டு, கட்டத்தில் எழுத மாட்டேன்.
ஓமலூரிலிருந்து ஒருவன் சார்பதிவாளர் முத்திரை கேட்டு வந்தான்,
உத்தரவுக் கடிதம் இல்லை, பணம் மட்டும் முழுசாக.
என் கல்லூரிக் கட்டணம் நிலுவையில் இருந்த மாதம்.
அப்பா வெட்டிக் கொடுத்தார்.
நாலாம் மாதம் அவன் பிடிபட்டான்:
முத்திரையில் ஒரு 'தி' திரும்பியிருந்தது.
போலீஸ் வந்தது, டீ குடித்தது, போனது.
கை கூசியதா, கை காட்டிக்கொடுத்ததா,
நான் கேட்டதில்லை.
கட்டணம் கட்டியாகியிருந்தது.

இப்போது ஜவ்வரிசி மூட்டை, கொலுசுக் கொக்கியில் கடை முத்திரை,
பத்திரிகைக்குத் தங்க ஃபாயில்.
கேட்பது பதினெட்டு லட்சம், லேசர் மெஷினுக்கு.
திரையில் 'கண்ணாடி பிம்பம்' என்றொரு பொத்தான் இருக்கிறது.
தொட்டால் எல்லா எழுத்தும் ஒன்றுபோலத் திரும்பிக்கொள்கின்றன,
ஒன்றுகூட மறப்பதில்லை.
முதல்முறை பார்த்தபோது எனக்குச் சற்றுச் சந்தேகமாக இருந்தது.

கடைசியில் எழுதியது:
தொடக்கம் 1931. செதுக்கு வேலை, சிறப்பு அச்சு.
பிழைகள் இரண்டு. இரண்டிலும் நட்டமில்லை.
தவணை தவறியதில்லை.

ஜாமீனுக்குப் பெரியப்பா மகன் சீரங்கன் வந்தான்.
உறவுமுறை என்ற இடத்தில்
'எதிர்க்கடை' என்று எழுதி ஒப்பமிட்டான்.
பேனாவை மூடியபடி,
'எங்க கொம்பு பதினேழு
இன்னும் பாக்கி' என்றான்.