உச்சந்தலைச் சாம்பல்

எங்கள் நாட்டில் நெற்றியில் இடமாட்டார்கள்.
உச்சந்தலையில் தூவுவார்கள்,
மீன்மேல் உப்புத் தூவுவதுபோல்.
வெளியே வந்து கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டால்
தவக்காலம் பிறந்தது யாருக்கும் தெரியாது.

ஆறரைப் பூசை.
வ்ரோத்ஸ்வாஃபில் பிப்ரவரி இன்னும் விடிந்திருக்கவில்லை.
மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்
என்று சொல்லிக்கொண்டே வந்த உதவிப் பங்குத்தந்தைக்குத் தடுமன்;
என்னிடம் வந்தபோது தும்மலை அடக்கப் போய்
கை குலுங்கி
கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

எட்டு மணிக்கு நான் கடன் வசூலிக்கிறவள்.
நான்காம் மாடி, ஜன்னலோர மேசை.
காதில் கருவியை மாட்டும்போது அதன் பட்டை
சாம்பலின் நடுவே சரியாக அழுந்தியது.
"என் பெயர் லுட்மிலா வோய்னார்.
இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது."
ஒரு நாளைக்குத் தொண்ணூறு முறை சொல்கிறேன்.
பாவசங்கீர்த்தனத் தொட்டியில்
இதற்கு நேர் எதிரான வாக்கு.

எங்கள் மொழியில்
பணம் தரவேண்டியவனையும் பிழை செய்தவனையும்
ஒரே சொல்லால் குறிப்போம்.
கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லும்போது
நான் அந்த வரியில் மட்டும்
சற்று வேகமாகப் போய்விடுவேன்.

பக்கத்து மேசை கிங்கா,
ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி
மனுக் கொடுத்தவள்.
"தோளில் பொடுகு" என்றாள்.
பிறகு தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல்
பன்றித்தொடை ரொட்டியைத்
திரைக்கு அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.
வாசனை மட்டும் வந்தது.
ஒருசந்தியில் வாசனை சேர்த்தி இல்லை என்று நினைக்கிறேன்.

பதினோரு மணிக்கு ஜெனோன் பிலார்ஸ்கி.
சலவை இயந்திரம், ஏழு தவணை பாக்கி,
ஆயிரத்து நூற்று நாற்பது ஸ்வோட்டி.
"இயந்திரம் செத்துப் போச்சு அம்மா,
தவணைதான் சாகலை" என்றார்.
சிரிக்கக் கூடாது என்பது விதி. சிரிக்கவில்லை.
அடுத்த வாக்கியத்தைப் படிக்க வாயெடுத்தேன்.
"இன்னைக்குப் பூசைக்குப் போனீங்களா?"

கையேட்டில் இந்தக் கேள்வி இல்லை.

"ஆறரைக்கு" என்றேன்.
"எனக்கு முட்டி வராது. அஞ்சாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
இந்த வருஷம் எனக்குச் சாம்பல் இல்லை."

எட்டு விநாடி மௌனம் தாண்டினால்
திரை ஓரத்தில் மஞ்சள் எரியும்.
எரிந்தது.
குனிந்திருந்தேன் போல;
தலையிலிருந்து ஒரு சிட்டிகை உதிர்ந்து
விசைப்பலகையில், எண்களின் வரிசையில் விழுந்தது.
அவர் தொண்டையைக் கனைத்தார்.
நான் கனைத்தேன்.
இரண்டும் பதிவாகியிருக்கும்.

தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரம் இல்லை.
மறுபடி அழைக்கும் நாளைத் தள்ளிப்போடலாம்,
அதிகபட்சம் முப்பது நாள்.
முப்பது என்று போட்டேன்.
எண்ணிப் பார்த்தால் வெள்ளிக்கிழமை,
குருத்து ஞாயிறுக்கு ஒன்பது நாள் முன்னால்.
அன்றும் சுத்தபோசனம். அன்றும் நானே அழைப்பேன்.
இதை இரக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முகவரி திரையில் இருந்தது.
பார்க்கலாம். பயன்படுத்தக் கூடாது.
நோயாளிகளைச் சந்திப்பவர்களிடம் சொல்லலாமா,
பங்கு அலுவலகத்தில் ஒரு தெருப்பெயரை மட்டும்
தற்செயல்போல உச்சரிக்கலாமா
என்று மாலைவரை பேரம் பேசிக்கொண்டிருந்தேன்,
என்னிடம் தவணை கேட்கும் வாடிக்கையாளர்களைப்போல.

வீடு திரும்பும் டிராமில்
அந்தத் தெரு ஒரு நிறுத்தமாக வந்தது.
கதவு திறந்தது. குளிர் ஏறியது. கதவு மூடியது.
நான் இறங்கவில்லை.
இறங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இரவில் தலை அலசினேன்.
சாம்பல் போகும்போது தண்ணீரின் நிறம்கூட மாறவில்லை.

மறுநாள் காலை விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன்.
ரொட்டித்தூள் வந்தது, ஒரு முடி வந்தது,
கிங்காவின் காதணித் திருகு வந்தது.
ஏழு மட்டும்
அழுத்தும்போதெல்லாம்
நறநறக்கிறது.