முன்மொழிபவர்

மூன்றாம் வார்டு பெண்களுக்கென்று ஆன அன்று
கருங்கல் சந்தை முக்கில்
டீ குடித்தபடி ஆண்கள் பேசி முடித்தார்கள்,
யார் வீட்டுக்காரி நிற்பது என்று.
அவள் பெயர் என்னவென்று யாரோ கேட்டதற்குத்தான்
கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

வேட்புமனுவை மடித்து
ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து நடந்தேன்.
முன்மொழிபவர் கோட்டில் என் கையெழுத்து
ஏற்கனவே இருந்தது.
மேலே வேட்பாளர் பெயர் மட்டும் வெள்ளை.

மரியசெல்வம் ரப்பர் பாலை வடிகட்டிக்கொண்டே சிரித்தாள்.
சுசீலா பாய் "அவியகிட்ட கேக்கணும்" என்றாள்.
அவிய மஸ்கட்டில். இரவு ஷிப்ட்.
லில்லிபுஷ்பம் கதவைப் பாதி திறந்து,
"மவளுக்கு மாப்ள வீட்டுல இருந்து வாறாவ,
இப்பம் போஸ்டர்ல என் படம் வேண்டாம் டீச்சர்."
மழை.
குடையைவிட மனு அதிகம் நனைந்தது.

அண்டி ஆபீசில் வேலை விடும் நேரம்.
தராசுக்கு முன்னால் தாசம்மை.
"நூறு கிராம் எங்க போச்சு?"
சத்தமாகக்கூட இல்லை.
மேஸ்திரி தட்டை இறக்கி மறுபடி வைத்தான்,
முள் நகர்ந்தது.
பின்னால் நின்ற முப்பது பேரும்
தங்கள் பருப்பைத் திரும்ப நிறுக்கச் சொன்னார்கள்.

விஷயத்தைச் சொன்னேன்.
"ரேஷன் கடை மிஷினுக்கே என் விரலத் தெரியாது,
நான் மெம்பரா?"
இருபத்திரண்டு வருஷத்து அண்டிக்கறை
ரேகையைத் தின்றிருந்தது.
"ஜெயிச்சா ஒப்பு யாரு போடுவாவ?"
போன தடவை ஐந்து வருஷமும்
கூட்டத்துக்குப் போனது மெம்பரின் புருஷன்.
"நீதான்" என்றேன்.
"கூட்டம் எத்தன மணிக்கு?
பதினோரு மணின்னா எனக்கு அரநாள் கூலி போவும்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மனுவிலும் அப்படியொரு கட்டம் இல்லை.

வாங்கி நின்றபடியே வாசித்தாள், இரண்டு தடவை.
"சொத்து விவரமா?
கம்மல் ஒரு ஜோடி, பேங்குல இருக்கு.
ஆடு ரெண்டு. ஒண்ணு சினை.
ரெண்டுன்னு எழுதவா, மூணுன்னா?"
பக்கத்தில் நின்றவள் சிரித்ததும்
மடித்துச் சோற்றுப் பாத்திரத்தின்
மேல்தட்டில் வைத்து மூடினாள்.
சரி என்று சொல்லவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு போன்.
"டீச்சர், அந்தத் தராசு
பஞ்சாயத்துக்குக் கீழ வருமா?"
"வராது."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
தகரத்தில் மழை விழுகிற சத்தம்.
"செரி.
பின்ன எதெல்லாம் வரும்?
ஒவ்வொண்ணா சொல்லுங்க,
எழுதிக்கிடுதேன்."