பூட்டிய கேட் வரை

துடுப்பை வலிப்பது என்றொரு சொல்
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தேன், சாட்ஸ்வர்த்தில்.
அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் வாத்தியாரிடம்,
வலிப்பது துடுப்பையா, துடுப்பா என்று.

ஒன்பது வருடம் வலித்தேன்.
டர்பன் துறைமுகத்தில், விடியுமுன்,
சர்க்கரைக் கிடங்கின் பாகு வாசனை
தண்ணீர்மேல் படுத்துக்கிடக்கும் வேளையில்.
இருவர் படகு. ஆளுக்கு ஒரு துடுப்பு.
ஒருத்தி மட்டும் வலித்தால்
தேநீரில் விழுந்த ஈ மாதிரி வட்டமடிக்கும்.

எனக்குப் பின்னால் நோக்வாசி.
வேகம் என் பொறுப்பு, திசை அவள் பொறுப்பு.
படகில் அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.
மூச்சு மட்டும் என் பிடரியில் படும்.
மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி தின்றிருந்தால் தெரியும்.
கோபமென்றால் தெரியும்.
ஒரு நாள் அது அரை நொடி பிந்தி வந்தது;
கர்ப்பம் என்று அடுத்த வாரம் டாக்டர் சொன்னார்.
எனக்கும் அந்தக் குளிர்காலத்தில்தான்
ஏழாவது விலா எலும்பில் கீறல்.
இருமினால் கண்ணில் தண்ணீர்.
படகை ஒரு பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டது.
அவளுக்கு மகள். எனக்குச் சைக்கிள்.

கடைக்குப் போகிற சைக்கிள் இல்லை.
ஆயிரத்து நாற்பது கிலோமீட்டர், காரூ வழியாக,
பாதிக்கு மேல் சரளைக்கல்.
ரொட்டி வாங்கலாம், எல்லோருக்கும் விற்கிற கடையில்.
தெரிந்தவர் யாரும் வழி சொல்லக் கூடாது.
இருக்கைக்கு அடியில் ஒரு கருவி;
வரைபடத்தில் நான் ஒரு பச்சைப் புள்ளி.
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், வீட்டிலிருந்தே.

படகில் கடந்த இடம்தான் தெரியும்.
இங்கே போகிற இடம் தெரிகிறது.
முழுவதும் தெரிகிறது, அதுதான் கொடுமை.
ஒரு மணி நேரமாக அதே காற்றாலை.
காலையிலிருந்து அதே மலை,
யாரும் சாப்பிட உட்காராத மேசை மாதிரி.

கிராஃப்-ரைனெட் பெட்ரோல் நிலையத்தில்
ஆறிப்போன சமோசா நான்கு, ஒரு பாட்டில் புளித்த பால்.
கழிப்பறைத் தரையில் இருபது நிமிடத் தூக்கம்.
காவல்காரர் கதவைத் தட்டினார், செத்துவிட்டேனா என்று.
இன்னும் இல்லை என்றேன்.
அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

இரண்டாம் இரவில் இடது முழங்கால் வேலைநிறுத்தம் செய்தது.
எதிர்காற்று. முன்விளக்கின் வட்டத்தில் கல், கல், கல்.
பிடரி குளிர்ந்தது.
அந்த ஒரு இடம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு.
துணியைச் சுற்றினேன். குளிர் போகவில்லை.

எங்கேயோ ஒரு திருப்பத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.
பதினொரு கிலோமீட்டர்.
அதிசயம் எதுவும் நடக்கவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை.
ஒரு பண்ணையின் கேட். பூட்டு. பூட்டின்மேல் உறைபனி.
அந்தப் பக்கம் ஓர் ஆடு இருமியது, மனிதர் இருமுவது போலவே.
என் விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
திரும்பினேன். மொத்தம் இருபத்திரண்டு.

முடித்து நான்கு நாள் கழித்து, அவள் சமையலறையில்.
என் விரல்கள் இன்னும் மரத்திருந்தன,
கரண்டியை அவள் மகள் பிடித்து ஊட்டினாள், சிரித்துக்கொண்டே.
நோக்வாசி சொன்னாள்:
ராத்திரி ரெண்டே முக்கால். புள்ளி நேரா போகுது.
இடது, ரோஷ், இடதுன்னு கத்தினேன்.
இவ எழுந்துட்டா, நாய் எழுந்துடுச்சு,
பக்கத்து வீட்டு மிசஸ் ரெட்டி விளக்கைப் போட்டாங்க.
போன் கையிலதான் இருந்தது.
உன் பேரை அழுத்தலை.

விதி அப்படி, என்றேன்.

தெரியும். பதினொன்னையும் உட்கார்ந்து பார்த்தேன்.
இன்னும் கால் வலிக்குது எனக்கு.
அந்தத் திருப்பத்துல பெரிய பலகை இருக்கே, குருடி,
இடது, இடது

என்று மறுபடியும் கத்தினாள், மேசையைத் தட்டி.
சோற்றை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்பது வருடமும் இப்படித்தான் இருந்திருக்கும்போல,
என் முதுகுக்குப் பின்னால்:
வாய் கொஞ்சம் கோணி,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு.