அரை மணி நேரப் படிவு

ராத்திரி ரெண்டே காலுக்குக்
காற்றுத்தொட்டியில் வாளி இறக்கி
ஒரு லிட்டர் குடுவையில் ஊற்றி வைத்தேன்.
முப்பது நிமிடம்
யாரும் மேசையை ஆட்டக் கூடாது.

வீரவநல்லூர் தாண்டி
கன்னடியன் காலின் இக்கரையில் எங்கள் அரிசி ஆலை.
தினம் நாற்பது டன் நெல் வெந்நீரில் ஊறும்.
ஊறி முடித்த தண்ணீர்
கடுங்காப்பி நிறத்தில் என்னிடம் வரும்,
புளித்த வாடையோடு, உமித்தூசி மிதக்க.

"சவத்த விடுட்டி உலகு, கஞ்சித்தண்ணி தான?
மாடு குடிக்கும். ஆறு குடிக்காதாக்கும்?"
போர்மேன் பால்துரை அண்ணாச்சி கேட்பார்.
அவர் சொல்வது பொய்யில்லை.
சாயம் இல்லை, அமிலம் இல்லை,
மண்டையோடு போட்ட டப்பா ஒன்றுகூட
இந்த ஆலையில் இல்லை.
சோறுதான் இது.
அளவு மிஞ்சிய சோறு.

தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி வாய்கள்.
விருந்து வந்தால் விடாது;
தின்னத் தின்ன மூச்சு இழுக்கும்;
கரைந்திருக்கும் காற்றையெல்லாம் இழுத்துத் தீர்க்கும்.
பிறகு கெண்டை மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடும்.
இதற்கு லேபில் ஒரு கணக்கு உண்டு.
மூடிய புட்டியை மூன்று நாள் இருட்டில் வைத்து
எவ்வளவு மூச்சு போயிற்று என்று பார்ப்போம்.
வரும்போது ரெண்டாயிரம்.
அனுப்பும்போது முப்பதுக்குள்.

அந்த விருந்தைத்தான்
ஆற்றுக்குப் போகுமுன் இங்கேயே நடத்துகிறோம்.
சாணம் கரைத்து, மண்டவெல்லம் போட்டு
நான் வளர்த்த வாய்கள் இவை.
ராவும் பகலும் அடியிலிருந்து காற்று ஊத வேண்டும்.
ஊதல் நின்றால்
நாலு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

போன கார்த்திகையில்
ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை.
இருந்த டீசல் பாய்லருக்குப் போயிற்று.
விடியும்போது தொட்டி கறுத்துக் கிடந்தது,
அழுகின முட்டை நாற்றம்.
சுவரோரம் ரெண்டாவது வால்வு ஒன்று உண்டு,
எந்த வரைபடத்திலும் இல்லாதது.
திறக்கச் சொன்னது யார் என்பது இருக்கட்டும்.
சக்கரத்தைச் சுற்றியது என் கை.
எட்டரைச் சுற்று.

பதிவேட்டில் இருபத்தெட்டு என்று எழுதினேன்.
கையெழுத்து அழகாகவே விழுந்தது.

மறுநாள் பஸ்ஸை விட்டிறங்கி
கால்வாய் ஓரமாக நடந்தேன்.
மடைக்கம்பியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கிடந்தன.
பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஒருத்தி
ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துத் தூர எறிந்தாள்.
"மழைத்தண்ணி சேரல போல" என்றாள் என்னிடம்.
ஆமாம் என்றேன்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்.
எண்பதாயிரம் லிட்டர்.
மீட்டர் பார்த்து, ஒரு துண்டுச்சீட்டில் குறித்து வைத்தேன்.
அந்தச் சீட்டை இன்னும் கிழிக்கவில்லை.

குடுவையில் இப்போது
செம்மண் நிறப் பஞ்சு மெல்ல இறங்குகிறது,
மேலே தெளிவு விரலகலம், பிறகு நாலு விரல்.
இருபத்தோராம் நிமிடம்
விளக்கு போயிற்று.

ஊதல் சத்தம் இறங்கி இறங்கி
நின்றது.
சுவருக்கு அப்பால் கால்வாய் ஓடுவது
இத்தனை மாதத்தில் முதல்முறையாகக் கேட்டது.

டார்ச்சோடு வந்தார் அண்ணாச்சி.
நேரே சுவரோரம் போனார். குனிந்தார்.
"ஏட்டி, இந்த வால்வுச் சக்கரத்த எங்க?"

என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது,
தூக்குச்சட்டிக்கு அடியில்,
மூன்று வாரமாக.

"மொதல்ல ஜெனரேட்டர் சாவி, அண்ணாச்சி.
ஊதலுக்குக் கொஞ்சம் டீசல் வேணும்."

அவர் பேசவில்லை.
வெளிச்சம் சுவரை விட்டு என் முகத்துக்கு வந்தது,
பிறகு மேசைக்கு.
குடுவையில் கோடு முந்நூற்றுப் பத்தில் நிற்கிறது.
மேசையை ஆட்டாதீங்க என்றேன்.
இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது.