ஓல்டன் பண்டகசாலை

பத்து வருசம் உழைத்த மயக்க மருந்து மெஷின்.
"இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்கிறார் ஷ்டுக்கி,
மகளைக் கட்டிக்கொடுக்கிறவர் மாதிரித் துடைத்துத் துடைத்து.

போகிற இடத்தில் கரண்ட் மத்தியானம் வரைக்கும்தான்.
ஒக்சிசன் பஸ்ஸில் வரும்,
பஸ் வந்தால்.
படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

ஓர் இரவு லைட் நின்றது.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
வயிறு திறந்து கிடந்த பிள்ளைத்தாச்சியின் மூச்சை
ரப்பர் பையில் அமத்தி அமத்தி விட்டேன்.
விடிந்தபோது
அவள் தண்ணி கேட்டாள்.
என் விரல்கள் நிமிர மறுத்தன.

ஆணியடிக்குமுன்
பட்டியலில் இல்லாத ஒரு ரப்பர் பையைப்
பெட்டிக்குள் திணிக்கிறேன்.
"அது எதுக்கு?"

அந்தச் சொல் எனக்கு ஜெர்மனில் வராது.
வலக்கையைத் தூக்கி
மடக்குகிறேன், விரிக்கிறேன், மடக்குகிறேன்.

மெஷினுக்கு விடைகொடுக்கிறேன் என்று நினைத்து
அவரும்
கையசைக்கிறார்.